திருகோணமலையில் ஒரு பகல்: கப்பல் சுற்றுலாவா, தனி வாகனமா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில், களுவாஞ்சிகுடியை அண்டிய கிராமம் ஒன்றில் பிறந்து, 1980களின் இறுதியில் இங்கிலாந்து சென்று குடியேறிய முதியவர் ஒருவர், தமது மகன், மருமகள், பதின்வயதுப் பேரப்பிள்ளைகள் இருவர் ஆகியோருடன் ஒரு பெப்ரவரி மாதத்தில் உல்லாசப் பயணக் கப்பலில் வந்தார். தாய்லாந்தின் புக்கெட்டில் இருந்து வரும் அக்கப்பல் திருகோணமலையில் ஒரு பகல் மட்டும் நின்று, மாலையிலேயே கொச்சி நோக்கிப் புறப்படுவதாக இருந்தது. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை குறுகியது என்பதால் இலங்கையில் தங்கிச் செல்ல அவர்களுக்கு வழி இருக்கவில்லை. பயண நிரலில் திருகோணமலை இருந்ததனால்தான் முதியவர் கப்பல் பயணத்துக்கே சம்மதித்தார் என்று மகன் பின்னர், மட்டக்களப்பில் இருந்து வாகன ஒழுங்குகளைச் செய்துவரும் எமக்குச் சொன்னார்.

திருகோணமலைக்கு இத்தகைய கப்பல்கள் வருவது புதிதன்று. 2023 ஜூன் மாதம் சென்னையில் இருந்து தொடங்கிய ஒரு சேவை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் தொட்டுச் சென்ற பின்னர், எமது பக்கத்திலும் பலர் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினர். ஆயினும், கப்பலில் வரும் உறவினர் அந்த ஒரு பகலில் எவ்வளவு தூரம் வரலாம் என்ற கேள்விக்குத் தெளிவான பதிலுடன் இருப்போர் மிகச் சிலரே.

எம்மிடம், கப்பல் வருவதற்கு ஆறு கிழமைகளுக்கு முன்னர் மகன் தொடர்பு கொண்டார். அவரது கோரிக்கை மிக எளிமையாக இருந்தது: அப்பாவைக் காலையில் ஊருக்குக் கூட்டிச்சென்று, அவரது அக்காவைக் காட்டி, மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கும் கொண்டுபோய், பின்னேரம் கப்பலில் விட வேண்டும். முதியவருக்கு 76 வயது. நடக்கத் தடி தேவைப்படும். அக்காவுக்கு 80ஐத் தாண்டிவிட்டது. இருவரும் பல ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை.

கப்பல் நிறுவனமும் அதே நாளுக்கு ஒரு சுற்றுலாவை விற்றுக்கொண்டிருந்தது. பிரெட்ரிக் கோட்டை, திருக்கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஆகிய மூன்றையும் வழிகாட்டியுடன் பஸ்ஸில் பார்த்து நண்பகல் தாண்டியதும் திரும்புவது அதன் திட்டம்.

இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு

தனியாகப் போவதா, வழிகாட்டியுடன் போவதா என்பதைப் பெரும்பாலானோர் செலவையும் வசதியையும் வைத்தே ஒப்பிடுகின்றனர். செலவைப் பொறுத்தவரை இங்கு ஐயமே இருக்கவில்லை. நாள் முழுவதற்குமான வான் வாடகை, கப்பல் சுற்றுலாவில் மூவருக்குச் செலுத்தும் தொகையைவிடக் குறைவாகவே வந்தது. ஆனால் ஒப்பிட வேண்டியது அதையல்ல. கப்பல் நிறுவனமே விற்ற சுற்றுலாவின் பஸ் வழியில் மறிபட்டால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்; காத்திருக்க முடியாத நிலையிலும் அப்பயணிகளை அடுத்த துறைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனியாகச் சென்றவர் பிந்தினால் கப்பல் போய்விடும். அடுத்த துறையை எப்படி அடைவது என்பது அவரது பாடு.

இந்தக் குடும்பத்தின் நிலையில் அதன் பொருள் என்ன என்பதை மகனுடன் தொலைபேசியில் விரிவாகப் பேசினோம். கடவுச்சீட்டுகளைக் கப்பல் அலுவலகம் வாங்கி வைத்திருந்தது. பயணிகள் கையில் இருக்கப்போவது கப்பல் அட்டையும் கடவுச்சீட்டின் பிரதியும் மட்டுமே. ஒருவர் வந்துசேராவிட்டால் அவரது கடவுச்சீட்டைத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது கப்பல்களின் வழமை. அதன் பின்னர் கட்டுநாயக்க வரை வீதியால் சென்று, விமானச்சீட்டு வாங்கி, கொச்சியில் கப்பலைப் பிடிக்க வேண்டும். கப்பல் கொச்சியை மறுநாளுக்கு அடுத்த நாள் காலையில் அடைவதனால் அது முடியாத காரியமன்று. ஆனால் தடியுடன் நடக்கும், இருதய மருந்து எடுக்கும் ஒருவரை அதற்கு உட்படுத்துவது நியாயமன்று. காப்புறுதி ஆவணத்தை வாசித்தபோது, கப்பலைத் தவறவிட்டால் ஈடுசெய்யும் பிரிவு பயணம் தொடங்கும் துறைக்கு மட்டுமே பொருந்தும் என்று இருந்தது. இடையில் தொடும் துறைகளுக்கு அது உதவாது.

முன்கூட்டியே கவனிக்கப்பட்டவை

முதலாவது, நேரம். பயண நிரலில் காலை 8.00 முதல் மாலை 5.00 வரை என்று அச்சிடப்பட்டிருந்ததை ஒன்பது மணித்தியாலம் என்று மகன் கணக்கிட்டிருந்தார். அந்த ஒன்பதில் கையில் எஞ்சுவது மிகக் குறைவு. பயணிகள் எல்லோரும் கப்பலில் ஏறி முடிய வேண்டிய நேரம் புறப்படும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியது, அதாவது 4.30. காலையில் கப்பல் கட்டப்பட்டு, குடிவரவு அதிகாரிகள் அனுமதி வழங்கி, நிறுவனத்தின் சுற்றுலாக் குழுக்கள் முதலில் இறங்கிய பின்னரே தனியாகச் செல்வோர் இறங்கலாம். எமது வான் துறைமுக வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்ததால், இறங்குதுறையில் இருந்து வாயில் வரை கப்பலின் பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டும். இவற்றுக்கு ஒன்றரை மணித்தியாலத்தை ஒதுக்கினோம்.

இரண்டாவது விடயம் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தென்படாதது. கப்பல் கிழக்கில் இருந்து வருகின்றது. தாய்லாந்து நேரம் எமது நேரத்தைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. கப்பலின் கடிகாரத்தை வழியில் ஒரு மணித்தியாலம் மட்டும் பின்தள்ளியிருந்தனர். ஆகவே திருகோணமலையில் கப்பல் நிற்கும் பகல் முழுவதும் கப்பல் நேரம் இலங்கை நேரத்தைவிட அரை மணித்தியாலம் முன்னால் நின்றது. நிரலில் உள்ள 4.30 என்பது எமது சாரதியின் கைக்கடிகாரத்தில் 4.00 மணி. பயணிகளின் கைத்தொலைபேசிகளோ கரை அலைவரிசை கிடைத்தவுடன் தாமாகவே இலங்கை நேரத்துக்கு மாறிவிடும். முதல் நாள் இரவு அறைக்குள் போடப்படும் கப்பலின் நிகழ்ச்சித்தாளில் "கப்பல் நேரப்படி" என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்ததை மகன் படம் பிடித்து அனுப்பிய பின்னரே இதை உறுதிசெய்ய முடிந்தது. இத்தகைய ஒரு சொல் எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கும்படி நாம் முன்னரே கேட்டிருந்தோம்.

மூன்றாவது, வீதி. திருகோணமலையில் இருந்து மட்டக்களப்பு வரை ஏ15 வீதியால் சுமார் 130 கிலோமீற்றர். முதியவரின் நினைவில் இருந்த வீதி இதுவன்று. அவரது இளமைக்காலத்தில் வாகனத்தைப் பல இடங்களில் "பாதை" எனப்படும் மிதவைப் படகில் ஏற்றி ஆற்றையும் கடல்நீரேரியையும் கடக்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டு, ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்த பின்னர் வீதி நன்றாகவே உள்ளது. அப்படியிருந்தும் வான் ஒன்று மட்டக்களப்பு நகரை அடைய ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் தேவை. களுவாஞ்சிகுடி அதற்கும் அப்பால் சுமார் 30 கிலோமீற்றர். போய்வர ஏழு மணித்தியாலத்துக்கு மேல் வீதியிலேயே கழியும். கையில் இருந்த நேரமே அதுதான்.

எடுக்கப்பட்ட தீர்மானமும் அதன் காரணங்களும்

ஊர்வரை சென்று திரும்பும் திட்டத்தை முதல் தொலைபேசி உரையாடலிலேயே மறுத்துவிட்டோம். இது எமக்கும் கடினமாகவே இருந்தது. முதியவர் மறுமுனையில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக, முழுக் குடும்பமும் கப்பல் சுற்றுலாவில் சேர, உறவினர் திருகோணமலை நகருக்கு வந்து சந்திப்பது பற்றி ஆராயப்பட்டது. கப்பலைத் தவறவிடும் ஆபத்தை முற்றாக நீக்கும் வழி இது. ஆனால் குழுவுடன் வரும் பஸ் கோணேசர் கோயிலில் நிற்கும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அங்குள்ள ஏற்றத்தில் இரு முதியவர்களும் இருந்து பேச இடமில்லை. குழுவை விட்டு விலகினால் அந்தச் சுற்றுலாவின் பாதுகாப்பும் விலகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காவை 160 கிலோமீற்றர் வரை கொண்டுவந்து அதே நாளில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். முழங்கால் வருத்தமுள்ள அவரால் அது இயலாது என்று வீட்டார் கூறினர். கப்பல் நிறுவனத்திடம் சாரதியுடன் தனி வாகனம் கேட்டுப் பார்த்தபோது, திருகோணமலைச் சுற்றாடலுக்கு மட்டுமே தரலாம் என்றனர்.

ஆகவே சந்திப்பை இரு தரப்புக்கும் இடையில் வைப்பதென்று முடிவானது. கதிரவெளியில், மகனின் மச்சான் ஒருவரின் நண்பர் வீடு தெரிவுசெய்யப்பட்டது. வெருகல் ஆற்றைத் தாண்டியவுடன் வரும் அந்தக் கிராமம் மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் உள்ளது. திருகோணமலையில் இருந்து வானில் ஒன்றரை மணித்தியாலம். மாவட்ட மண்ணில் கால் வைக்க வேண்டும் என்ற முதியவரின் விருப்பத்துக்கும் அது இடங்கொடுத்தது. கடற்கரையில் சந்திக்கலாம் என்று சிலர் சொன்னபோதும், நிழலும், சாய்ந்து இருக்க ஒரு கதிரையும், படியேறாமல் போகக்கூடிய கழிவறையும் உள்ள வீடே வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம்.

குடும்பத்தைப் பிரிப்பது என்பது மருமகளின் யோசனை. தாமும் பிள்ளைகளும் கப்பல் சுற்றுலாவில் சென்றால், வானில் வரும் இருவர் பிந்தினாலும் கப்பலுக்குள் ஒருவர் இருந்து அலுவலகத்துடன் பேசலாம், கடவுச்சீட்டுகளையும் மருந்துப் பையையும் முகவரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர் சொன்னார். எமது அனுபவத்தில் இவ்வளவு தெளிவாகச் சிந்தித்த பயணியை நாம் அரிதாகவே கண்டுள்ளோம். பிள்ளைகள் முதியவரின் அக்காவைக் காணும் வாய்ப்பை இழப்பர் என்பது இதற்குக் கொடுத்த விலை.

திரும்பும் நேரத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டோம். ஏற வேண்டிய கடைசி நேரம் எமது நேரப்படி மாலை 4.00. துறைமுக வாயிலை 2.15க்கு அடைவது இலக்கு. ஆகவே கதிரவெளியில் இருந்து 12.45க்குப் புறப்பட வேண்டும். இடையில் எஞ்சிய ஒன்றே முக்கால் மணித்தியாலத்தை எக்காரணம் கொண்டும் சந்திப்புக்குக் கடன் கொடுப்பதில்லை என்று சாரதி, மகன், வீட்டார் ஆகிய மூன்று தரப்பிடமும் சொல்லிவைத்தோம். முதியவர் இரண்டு நாளுக்கான மருந்தையும், மகன் வங்கி அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகள், துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றையும் கையில் கொண்டுவர வேண்டும் என்பதும் எழுதிக் கொடுக்கப்பட்டது.

அன்றைய நாள்

மகனும் முதியவரும் 9.10க்கு வாயிலுக்கு வெளியே வந்தனர். அதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னரே கப்பல் சுற்றுலாவின் பஸ்கள் போய்விட்டன.

கிண்ணியா, மூதூர், சேருநுவர வரை வீதி தடையின்றி இருந்தது. பெரும்போக அறுவடைக் காலம் என்பதால் வீதியின் ஒரு கரையில் நெல் காயப் போடப்பட்டிருந்தது. வான் சில இடங்களில் மெதுவாகவே செல்ல நேர்ந்தது. வெருகல் பாலத்தில் முதியவரின் வேண்டுகோளின்படி சாரதி ஐந்து நிமிடம் நிறுத்தினார். சிறுவயதில் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவுக்குக் குடும்பமாக வந்து ஆற்றங்கரையில் சமைத்துத் தங்கிய இடத்தை அவர் தடியால் சுட்டிக் காட்டினார். 10.45க்குக் கதிரவெளியை அடைந்தனர்.

அக்காவை வீட்டார் விடியற்காலையிலேயே ஏற்றிவந்து, களைப்பாற ஒரு மணித்தியாலம் படுக்கவும் வைத்திருந்தனர். அவர் வாசலில் நின்று தம்பியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். பின்னர் அவரது காதுக்குப் பின்னால் இருந்த பழைய தழும்பைத் தடவினார். அது மாமரத்தில் இருந்து விழுந்தபோது வந்தது என்று அருகில் நின்ற மகனுக்குச் சொன்னார். கப்பலுக்குள் வீட்டுச் சமையலைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதை முன்னரே அறிவித்திருந்ததால், எல்லாவற்றையும் அங்கேயே உண்பதாக ஏற்பாடு: சோறு, இறால் கறி, சுண்டங்கத்தரிக்காய்ப் பால்கறி, சட்டித் தயிர், பாணி. மகன் அடிக்கடி கைத்தொலைபேசியைப் பார்ப்பதைக் கண்ட அக்கா, "நேரத்த எங்கட சாரதி பாத்துக்குவார் மகன், நீங்க சாப்பிடுங்க" என்று சொன்னார். அவர் சொன்னது சரியே. நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பு உறவினர் அல்லாத ஒருவரிடம் இருந்ததனால்தான் இரு முதியவர்களும் ஓரளவேனும் நிம்மதியாக இருந்து பேச முடிந்தது.

விடைபெறுவதில் பத்து நிமிடம் பிந்தி, 12.55க்கு வான் புறப்பட்டது. மூதூரைக் கடந்து கிண்ணியாவை நெருங்குவதற்குச் சற்று முன்னர், நெல் வெட்டும் மெசின் ஒன்றை ஏற்றிவந்த லொறி வயல் வீதியில் இருந்து பிரதான வீதிக்குத் திரும்பும்போது பின்சக்கரம் சறுக்கி, வீதிக்குக் குறுக்கே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள்கள் ஓரமாகச் சென்றன. வான் செல்ல இடமில்லை. உழவு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து லொறியை இழுத்தெடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த இடத்தில் திரும்பிச் செல்வதும் பயன் தராது. சேருநுவரவில் அல்லை வழியாகக் கந்தளாய்க்குப் பிரியும் மாற்று வீதியை அவர்கள் ஏற்கெனவே வெகுதூரம் தாண்டிவிட்டனர். மகன் மனைவிக்குத் தொலைபேசியில் அறிவிக்க, அவர் கப்பல் அலுவலகத்துக்குச் சென்று இருவரின் பெயரையும் அவர்கள் நிற்கும் இடத்தையும் கொடுத்தார். அலுவலகம் குறித்துக்கொண்டது, காத்திருப்பதாக எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

வான் 3.05க்கு வாயிலை அடைந்தது. ஏறி முடிய 55 நிமிடங்கள் இருந்தன.

விளைவு

கப்பல் சுற்றுலாவில் சென்ற மூவரும் ஒன்றரை மணியளவில் திரும்பியிருந்தனர். பிரெட்ரிக் கோட்டைக்குள் உலாவும் புள்ளிமான்களும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் இருந்து கீழே தெரிந்த கடலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தன. வழிகாட்டி கோட்டையின் வரலாற்றைத் தெளிவாகச் சொன்னார். போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் பழைய கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர் என்பதைப் பேரன் அன்றிரவு அப்பப்பாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளிக்க நேரம் போதவில்லை என்பதே அவர்களின் ஒரே குறை. அவர்களது பஸ்ஸும் திட்டமிட்டதைவிடப் பிந்தியே வந்தது. அது பற்றி எவரும் பதற்றப்படவில்லை, பதற்றப்பட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முதியவர் தமது பிறந்த வீட்டையும் மாமாங்கத்தையும் காணவில்லை. அந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் அக்காவுடன் இருந்த இரண்டு மணித்தியாலமும் முழுமையாகத் தமக்குக் கிடைத்தது என்று மகன் வழியாகச் செய்தி அனுப்பியிருந்தார். ஊர்வரை செல்லும் திட்டத்தை ஏற்றிருந்தால், அதே லொறி அதே இடத்தில் குறுக்கே நிற்காவிட்டாலும்கூட, அவரால் அக்காவின் வாசலில் அரை மணித்தியாலம் நின்றிருக்க முடியாது.

அடுத்த முறை மாற்றப்படுபவை

இடைவழிச் சந்திப்பையும் குடும்பத்தைப் பிரித்து அனுப்புவதையும் இதே போன்ற கோரிக்கைகளுக்கு மீண்டும் பரிந்துரைப்போம். இளையோரும் நல்ல தேகநிலை உள்ளோரும் மட்டும் வருவதாக இருந்தால், சந்திப்பிடத்தை வாகரை வரை நகர்த்தலாம். அதற்கு அப்பால் பாசிக்குடாவோ வாழைச்சேனையோ கேட்டால், கப்பல் இரவு வரை நிற்கும் நாளாக இருந்தாலன்றி ஏற்பதில்லை. உறவினரைச் சந்திக்கும் தேவை இல்லாமல், கோயிலும் கோட்டையும் மட்டும் பார்க்க விரும்புவோர் வாயிலில் ஓட்டோ பிடித்துத் தாமாகவே சென்று வரலாம். அந்த இரண்டும் நகருக்குள்ளேயே இருப்பதால் வழிகாட்டியின் விளக்கம் வேண்டுமா என்பது மட்டுமே அவர்களின் கேள்வி.

வீதி நிலையைக் கேட்டறியும் இடம் மாற வேண்டும். திரும்பும் வழியில் சேருநுவரச் சந்திக்கு வருவதற்கு முன்னரே கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள தெரிந்த சாரதிகளை அழைத்து, முன்னால் வீதி திறந்திருக்கின்றதா என்று கேட்பது இப்போது எமது சாரதிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சந்தியில் நிற்கும்போது கந்தளாய் வழி இன்னும் கையில் உள்ளது; அதைத் தாண்டினால் ஒரே வீதிதான். அறுவடை மாதங்களில் ஒதுக்கு நேரத்தை இரண்டு மணித்தியாலமாக உயர்த்தியுள்ளோம்.

மிக முக்கியமான மாற்றம் பயணச்சீட்டு வாங்கும் நேரத்துக்கு உரியது. ஒரு துறையில் இறங்கி அடுத்த துறையில் மீண்டும் ஏறுவதற்குக் கப்பல் நிறுவனங்கள் சில சமயம் அனுமதி தருவதுண்டு. அதற்கு நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதலும், குடிவரவுத் திணைக்களத்தின் நடைமுறைகளும், கடவுச்சீட்டு கையில் இருப்பதும் தேவை. இந்தக் குடும்பம் எம்மிடம் வந்தபோது அதைக் கேட்டுப் பார்த்தோம். காலம் போதாது என்று நிறுவனம் மறுத்தது. திருகோணமலைக்கு அடுத்ததாகக் கொழும்பையோ அம்பாந்தோட்டையையோ தொடும் பயணங்களில் இவ்வனுமதி கிடைத்தால், முதியவர் ஒருவர் இரவு ஊரில் தங்கி, மறுநாள் வீதியால் சென்று கப்பலில் ஏறலாம். பெற்றோரைக் கப்பலில் அழைத்துவர எண்ணும் பிள்ளைகள் இதனை முன்பதிவுக்கு முன்னரே நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று எம்மிடம் வருபவர்களுக்கு முதல் வேலையாகச் சொல்லி வருகின்றோம். இந்த முதியவரின் மகனும் அடுத்த பயணத்துக்கு அப்படியே கேட்டு எழுதியுள்ளார். பதில் இன்னும் வரவில்லை.